எதுக்குப் போயிருக்கா?

1

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்பது இடத்தின் பெயர் இல்லை, வேலையின் பெயர். கம்மாபுரம் டீக்கடையில் நின்று ஒருவனைப் பற்றி விசாரித்தால், ‘அவன் வெளிநாட்டுல இருக்கான்’ என்று பதில் வரும். எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. ‘மாசம் எவ்ளோ அனுப்புறான்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. பார்ப்பதற்காகப் போகிற ஊர்கள் வேறு: திருப்பதி, வேளாங்கண்ணி, சபரிமலை, மேல்மலையனூர். அங்கேயும் யாரும் வெறுமனே போவதில்லை. ஒரு வேண்டுதல் இருக்கும், முடி இறக்க வேண்டியிருக்கும். காரணம் இல்லாமல் ஊர் தாண்டுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம்.

இது இன்று நேற்று வந்ததல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். முன்பணம் கொடுத்து, அந்தக் கடனோடு கப்பலேற்றினார்கள். 1938இல் தோட்டக் கூலிகளாக மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகும் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போய்க்கொண்டுதான் இருந்தது. கப்பல் நின்று விமானம் வந்தது, மலாயாவுக்குப் பதில் வளைகுடா வந்தது. போகிறவர் கையில் ஒரு காரணமும் தலையில் ஒரு கடனும் இருப்பது மட்டும் மாறவில்லை.

இப்போது சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குப் போக ஒரு தேர்வு உண்டு. சிங்கப்பூர் அரசின் கட்டுமான ஆணையம் அங்கீகரித்த தேர்வு மையங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. டைல்ஸ் ஒட்டுவது, பிளம்பிங், வயரிங், கம்பி கட்டுவது என்று ஏதாவது ஒரு தொழிலில் செய்முறைத் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கினால்தான் வேலை அனுமதி. இதற்குப் பையன்கள் சொல்வது ‘டெஸ்ட் அடிக்கிறது’. ‘தம்பி என்ன பண்றான்?’ ‘டெஸ்ட் அடிக்கப் போயிருக்கான்.’ நிலத்தை அடகு வைத்தாவது பயிற்சிக்கும் ஏஜென்ட்டுக்கும் பணம் கட்டுவார்கள். சான்றிதழ் முதலில், நாடு பிறகு.

இந்தப் பின்னணியில், மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், முப்பத்தோரு வயதில் வேலையை விட்டுவிட்டு, எட்டு மாதம் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று சுற்றப் போனால் ஊர் என்ன கேட்கும்? ‘ஒம் பொண்ணு எதுக்குப் போயிருக்கா?’ அந்தப் பெண் நான். கேள்வி வந்தது என்னிடம் அல்ல, அம்மாவிடம். அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ‘பரிட்சை எழுதப் போயிருக்கா.’

இது முழுப் பொய்யும் இல்லை. பயணத்தின்போது ஒரு கிளவுட் சர்டிஃபிகேஷனுக்கு நான் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஹனோயில் முட்டைக் காப்பிக்குப் பக்கத்தில் லேப்டாப், பினாங்கில் வெயில் ஏறிய பிறகு விடுதி மேசையில் மாதிரித் தேர்வு. என்னைப் போலவே படித்துக்கொண்டு திரிகிற பலரை வழியில் பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்தவர், சென்னையிலிருந்து வந்தவர், ஒரு பிரேசில்காரர். எல்லோருக்கும் ஒரே பதில்: ‘கேப் காட்டக்கூடாது இல்லையா?’ ரெஸ்யூமில் மாதங்கள் விட்டுப்போயிருந்தால் அதன் மேல் ஒட்டுவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும்.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. உழைப்புக்குக் கூலி கேட்பது புரிகிறது. ஓய்வுக்கு ஏன் ரசீது காட்ட வேண்டியிருக்கிறது? யாரிடம்?

2

முதலில் அந்த ரசீது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அமேசானின் கிளவுட் சேவைகளுக்கான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வில் 65 கேள்விகள், 130 நிமிடம். ஆயிரத்துக்கு 720 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 150 டாலர். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், அதற்குப் பிறகு மறுபடி எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் அஸூர் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டிவிட முடியாது. பால் பாக்கெட் மாதிரி அதிலேயே தேதி போட்டிருக்கும்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்பார்கள். ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. மேசை காலியாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாய்விட்டுக் கேள்வியைப் படித்தாலும் எச்சரிக்கை வரும். எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் இது நடக்காது, தனி அறை எடுக்க வேண்டும். கம்மாபுரத்தில் எங்கள் வீட்டிலும் நடக்காது. இரண்டு மணி நேரம் கதவைத் தட்டாமல் இருக்க எங்கள் தெருவுக்குத் தெரியாது.

அந்த 65 கேள்விகளில் 15க்கு மதிப்பெண் கிடையாது. அடுத்த தேர்வுகளில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்காக வைக்கும் கேள்விகள் அவை. எந்தப் பதினைந்து என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கணக்கில் வராத கேள்விகளுக்கும் கணக்கில் வருவது போலவே வியர்க்க வேண்டும்.

இதையெல்லாம் குறை சொல்லவில்லை. தேர்வு என்றால் அப்படித்தான். எனக்கு வேடிக்கையாக இருந்தது பாடத்தின் உள்ளடக்கம். ஓய்வெடுக்கப் போன இடத்தில் நான் படித்துக்கொண்டிருந்தது, ஓய்வாக இருப்பது எப்படி வீண் என்பதைப் பற்றிய பாடம்.

கிளவுட் என்ற வியாபாரத்தின் அடிப்படையே அதுதான். முன்பெல்லாம் ஒரு நிறுவனம் தீபாவளி விற்பனை நாளின் கூட்டத்தைத் தாங்கும் அளவுக்கு சர்வர்களை வாங்கி வைக்கும். மற்ற நாட்களில் அவை பெரும்பாலும் வெறுமனே ஓடும். 2006இல் அமேசான் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. வேண்டும்போது எடு, வேண்டாதபோது விடு. 2017 அக்டோபரிலிருந்து பல சர்வர்களுக்கு வினாடிக் கணக்கிலேயே பில் வருகிறது. கூட்டம் வந்தால் தானாகப் பெருகும், குறைந்தால் தானாகக் குறையும். குறைவது என்றால், சும்மா நிற்கும் சர்வரை நிறுத்தி அழித்துவிடுவது. நல்ல கிளவுட் வடிவமைப்புக்கு ஆறு தூண்கள் என்று அமேசான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒன்று செலவுக் கட்டுப்பாடு. வேலை செய்யாமல் நிற்பதைக் கண்டுபிடித்து நீக்கு என்பது அதன் முக்கியமான பாடங்களில் ஒன்று.

இயந்திரத்துக்கு இது நல்ல விதி. மின்சாரம் மிச்சம், பணம் மிச்சம். நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, யாருடைய நிலத்தைத் தோண்டி வருகிறது என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீணாக ஓடும் சர்வரை நிறுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல மாதம் இதே கணக்கைப் படித்தால் அது மனசுக்குள்ளும் ஓட ஆரம்பிக்கிறது. கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மணி நேரம் போகிறது, உள்ளே எங்கோ ஒரு மீட்டர் சுற்றுகிறது. நான் எதற்கும் பயன்படாமல் நிற்கிறேன், என்னை யாராவது நிறுத்திவிடுவார்களோ என்று.

3

‘சும்மா’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேலை கிடைக்காத பையனைப் பற்றி ஊர் சொல்லும்: ‘சும்மாதான் திரியிறான்.’ அது வசை. அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருப்பதை ஞானத்தின் உச்சத்தில் வைத்தார்கள். இந்த முரணைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது பயன்பாடு. ‘அம்மா என்ன பண்றாங்க?’ ‘சும்மா வீட்லதான் இருக்காங்க.’

நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, கிழவிக்கு மருந்து கொடுத்து, பதினொரு மணிக்குப் படுக்கும் ஒருத்தி ‘சும்மா’ இருக்கிறாள். அப்படியானால் சும்மா என்பதற்கு வேலை செய்யாமல் இருப்பது என்று பொருள் அல்ல. யாருடைய கணக்கிலும் ஏறாமல் இருப்பது என்று பொருள். வேலையற்ற பையனின் நாள் கணக்கில் ஏறவில்லை, அதனால் அவமானம். வீட்டிலிருக்கும் பெண்ணின் உழைப்பு கணக்கில் ஏறவில்லை, அதனால் அது இல்லாததாகிறது. ஞானி கணக்கையே கிழித்துப் போட்டவர், அதனால் விடுதலை. மூன்று பேருக்கும் ஒரே சொல்தான். கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

என் அம்மா சில வருடம் கணக்கில் ஏறும் வேலையும் செய்தாள். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன யூனிட்டில் அம்மாவுக்குப் பொம்மை வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

ஓய்வைப் பற்றி யோசிக்கும்போது முதலில் எனக்குச் சூளைதான் நினைவுக்கு வந்தது. களிமண்ணைச் சுடும்போது அதற்குள் இறுகியிருக்கும் நீர் ஐந்நூறு அறுநூறு டிகிரிக்குள் பிரிந்து போய்விடும். பிறகு அது மறுபடி களிமண் ஆகாது. சுடுவதைப் போலவே ஆறவிடுவதும் தொழிலின் பாதி. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியை ஒட்டிச் சட்டென்று அளவு மாறும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் பாண்டம் விரிசல் விடும். அதனால் நெருப்பை அணைத்த பிறகு ஒரு நாளோ அதற்கு மேலோ சூளையைத் திறக்காமல் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பை யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. ‘சூள ஆறுது’ என்பார்கள். மனிதருக்கும் இப்படித்தானே, எட்டு வருடம் வெந்தவளை எட்டு மாதம் ஆறவிட வேண்டாமா என்று நினைத்தேன். நல்ல உவமை கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டு, ‘ஆமா, சூள ஆறும். அன்னிக்கு எங்களுக்குக் கூலி கெடையாது’ என்றாள்.

அந்த யூனிட்டில் இடம் குறைவு. சூளை நிறைந்து ஆறிக்கொண்டிருக்கும் நாளில் அடுத்த பொம்மைகளை வைக்க இடமிருக்காது. உருப்படி இல்லை, கூலியும் இல்லை. சூளையின் ஓய்வு தொழிலின் பகுதி, முதலாளியின் கணக்கில் எழுதப்பட்டது. அதே நாளில் அம்மாவின் ஓய்வு பட்டினிக்குப் பக்கத்தில் இருந்தது. என் உவமைக்குள் ஒரு கூலிக்காரி நிற்பது அவள் சொன்ன பிறகுதான் கண்ணில் பட்டது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. ஆறுவது பாண்டத்துக்காக. அதாவது, ஓய்வெடுத்தால் நன்றாக வேலை செய்யலாம், அதனால் ஓய்வு நல்லது என்பதுதான் அந்த உவமை சொல்வது. கிளவுட் பாடத்திலும் இதே வாதம் வருகிறது. ஒரு டேட்டாபேஸுக்கு இன்னொரு இடத்தில் துணை டேட்டாபேஸ் ஒன்றைத் தயாராக வைப்பார்கள். வழக்கமான அமைப்பில் அது யாருக்கும் பதில் சொல்லாது, முதன்மையானதைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு காத்திருக்கும். அதற்கும் முழு வாடகை. முதன்மையானது விழுந்தால் சில நிமிடத்துக்குள் இது எழுந்து நிற்கும் என்பதால் அந்தச் செலவை யாரும் வீண் என்பதில்லை. காத்திருப்புக்கும் பயன் உண்டு என்பது அழகான செய்திதான். ஆனால் அங்கேயும் பயன்தான் அனுமதி தருகிறது. பயன் இல்லாத காத்திருப்புக்குச் சூளையிலும் இடமில்லை, கிளவுடிலும் இடமில்லை.

4

கிரேக்க மொழியில் ஓய்வுக்கு ஸ்கோலே என்று பெயர். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஸ்கூல் என்ற சொல் அங்கிருந்து பிறந்தது. வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் அஸ்கோலியா, ஓய்வின்மை. ஓய்வுதான் மூலச்சொல், வேலை அதன் எதிர்மறை. அரிஸ்டாட்டில் ஒரு படி மேலே போய், விளையாட்டையும் இளைப்பாறலையும் ஓய்விலிருந்து பிரித்தார். உழைத்துக் களைத்தவருக்கு அவை மருந்து, மறுபடி உழைப்பதற்காக எடுத்துக்கொள்வது. ஓய்வு அப்படியல்ல. அது எதற்காகவும் இல்லை, மற்றவை எல்லாம் அதற்காக.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. ஆனால் அரிஸ்டாட்டிலின் வீட்டில் தண்ணீர் பிடித்தது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அடிமை முறையை நியாயப்படுத்தியவரும் அவரேதான். அவருடைய ஓய்வு இன்னொருவரின் ஓய்வின்மை மேல் கட்டப்பட்டது. ஓய்வை இவ்வளவு உயரத்தில் வைத்துப் பேசுபவர்களைப் பார்க்கும்போது என் ஊர்க்காரிக்கு வரும் சந்தேகம் சரியானதே: ‘அவங்களுக்கென்னா, இருக்குது, சொல்றாங்க.’

ஆனால் ஓய்வின் கதை ஆண்டைகளின் கதை மட்டும் அல்ல. 1880இல் கார்ல் மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க், சோம்பேறியாக இருக்கும் உரிமையைப் பற்றிக் கேலியும் கோபமுமாக எழுதினார். 1932இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் நாளுக்கு நான்கு மணி நேர வேலை போதும் என்று வாதாடினார். இந்தியாவில் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னையில் 1923இல் நடத்தினார். உலகெங்கும் மே தினத்தோடு சேர்ந்து வந்த கோரிக்கை எட்டு மணி நேர வேலை. அந்தக் கோரிக்கை நாளை மூன்றாகப் பிரித்தது. எட்டு மணி நேரம் வேலைக்கு, எட்டு மணி நேரம் தூக்கத்துக்கு, மிச்சம் எட்டு நம் விருப்பத்துக்கு. இளைப்பாற வேண்டியதை இரண்டாவது எட்டிலேயே முடித்துவிடலாம். மூன்றாவது எட்டுக்கு எந்தக் காரணமும் கேட்கப்படவில்லை. அதுதான் அதில் எனக்குப் பிடித்தது. 1948இன் மனித உரிமைப் பிரகடனமும் இருபத்து நான்காவது பிரிவில் ஓய்வையும் பொழுதையும் உரிமை என்றே எழுதியிருக்கிறது.

இந்த எட்டு சும்மா கிடைத்ததல்ல, கிடைத்த பிறகு அப்படியே நிலைத்ததும் அல்ல. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் அந்த மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போட்டு மூன்றாவது எட்டை எடுக்க வந்தால் தெருவில் இறங்கித் தடுக்கலாம். நாமே விரும்பி எடுத்துக் கொடுத்தால் யாரைத் தடுப்பது? வேலைக்குப் பிறகு சர்டிஃபிகேஷன், சனி ஞாயிறு மாதிரித் தேர்வு, விடுப்பில் பாடம், விடுப்புக்கு ஒரு சான்றிதழ். யாரும் கட்டளையிடவில்லை. ‘அப்ஸ்கில் பண்ணிக்கோங்க’ என்று அன்பாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

5

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நானே சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எங்களை வெளியே கொண்டுவந்தது நிலமோ, சொந்தக்காரர் சிபாரிசோ இல்லை. சான்றிதழ்தான். டெஸ்ட் அடித்துச் சிங்கப்பூர் போன பையனுக்கும் அதுதான். சாதி கேட்காமல், அப்பா பெயர் கேட்காமல், 720 எடுத்தாயா என்று மட்டும் கேட்கும் ஒரு காகிதத்தை நான் எப்படி இழிவாகப் பேசுவேன்? சான்றிதழ் வேண்டாம், வாழ்க்கையை அனுபவி என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் சான்றிதழ் இல்லாமலே திறக்கும் கதவுகள் இருக்கும்.

ஆகவே படிக்காதே என்று முடிப்பது என்னால் முடியாது. என் கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல, அது எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதைப் பற்றியது. படிப்பு ஒரு கதவைத் திறந்தால் நல்லது. ஓய்வெடுத்த குற்றத்துக்கு அபராதமாகக் கட்டப்பட்டால் அதில் ஏதோ கோணல் இருக்கிறது. ஏனென்றால் அபராதம் கட்டும்போதே குற்றம் என்று ஒப்புக்கொண்டாகிவிடுகிறது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? புத்தகம் ஒன்று, நேரம் ஒன்று, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இந்தச் சான்றிதழை யாரிடமும் காட்ட முடியாது என்று ஒரு விதி வந்தால், பாடத்தில் எதையெல்லாம் தொடர்ந்து படிப்பேன்?

ஒரு கோப்பைச் சேமித்து வைத்தால் அது தொலையாமல் இருக்கும் உறுதியை அமேசான் 99.999999999 சதவீதம் என்று சொல்கிறது. புள்ளிக்குப் பிறகு ஒன்பது ஒன்பதுகள். அப்படி ஒரு வாக்கை எந்தத் துணிவில் கொடுக்கிறார்கள்? தனித்தனி மின்சாரம், தனித்தனிக் கட்டடம் என்று குறைந்தது மூன்று இடங்களில் பரப்பி வைத்து, ஒன்று கெட்டால் மற்றதை வைத்துச் சரிசெய்கிறார்கள். எல்லாம் ஒருநாள் கெடும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்டுவது. இதை நான் யாரும் கேட்காவிட்டாலும் படிப்பேன். இரவு பதினொரு மணிக்குப் பினாங்கு விடுதியில் இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நடந்திருக்கிறேன். அந்த இரவு என் மூன்றாவது எட்டில்தான் சேரும். எந்த வகைச் சேமிப்புக்கு மாதம் எவ்வளவு கட்டணம், எந்த சேவைக்கு என்ன பெயர் என்ற மனப்பாடம் வேறு. காட்ட முடியாது என்றால் அதை அன்றே மூடிவிடுவேன். பாடத்தில் ஏறக்குறைய பாதி இப்படி, பாதி அப்படி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டாவது பாதியையும் படித்தேன், ஆனால் அதை ஓய்வு என்று நினைத்துக்கொள்ளவில்லை. அது வேலை. வேலையை வேலை என்று தெரிந்து செய்வதில் ஒரு நிம்மதி உண்டு. காலை இரண்டு மணி நேரம் அதற்கு. மூடி வைத்த பிறகு மீட்டர் சுற்றவில்லை.

6

மிச்சமிருந்தது அம்மாவின் பதில். ஒருநாள் அவளிடம் சொன்னேன்: ‘எம்மா, இனிமே யாராச்சும் கேட்டா பரிட்சைன்னு சொல்லாத. சுத்திப் பாக்கப் போயிருக்கான்னு சொல்லு. உண்மைதானே அது.’

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘ஒனக்கென்னா பாப்பா, சொல்லிட்டு அங்க இருக்குற. நான் இந்தத் தெருவுலதான் தண்ணி புடிக்கணும்’ என்றாள்.

ரெஸ்யூமில் கேப் இருந்தால் கணக்குக் கேட்கப்படுவது என்னிடம். ஊரில் கணக்குக் கேட்கப்படுவது அம்மாவிடம். கல்யாணம் ஆகாத மகள், வேலையை விட்ட மகள், தனியாகத் திரியும் மகள். இந்த ஒவ்வொன்றுக்கும் குழாயடியில் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ‘பரிட்சை’ என்ற ஒற்றைச் சொல்லை அவள் குடையாகப் பிடித்திருக்கிறாள், எனக்கும் சேர்த்து. அவள் வாழ்நாளில் காரணம் இல்லாத ஒரு நாள்கூட அவளுக்குக் கிடைத்ததில்லை. அப்படிப்பட்டவள் எனக்கு எட்டு மாதம் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த ஒரே வழி அது. என் ஓய்வு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அவளை நனையச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். உண்மை பேசுவதற்கு ஒரு செலவு உண்டு. அதை என் கையிலிருந்து கொடுக்கும்போதுதான் அது என் நேர்மை. இன்னொருவர் கையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நேர்மை என்று பெயர் வைக்க முடியாது. அம்மா அவள் பதிலை வைத்துக்கொள்ளட்டும். செலவு என்னுடையதாக இருக்கும் இடத்தில் நான் என் பதிலைச் சொல்கிறேன். ரெஸ்யூமில் அந்த எட்டு மாதத்துக்கு நேராகப் ‘பயணம்’ என்று எழுதுவேன். சான்றிதழ் வந்தால் அது சான்றிதழ்களின் கீழே வரும், பயணத்துக்கு மேல் ஒட்டப்படாது. இன்டர்வியூவில் கேட்டால், வேலையை விட்டேன், சுற்றினேன், நன்றாக இருந்தது என்பேன். இதனால் ஓரிரண்டு வாய்ப்பு போகலாம். எட்டு வருடம் சேமித்தவளுக்கு அது தாங்கக்கூடிய நஷ்டம். தாங்க முடியாதவர்கள் கேப் மேல் சான்றிதழை ஒட்டிக்கொள்ளட்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் தாங்க முடிந்தவர்களும் ஒட்டிக்கொண்டே இருந்தால், ஒட்டாதவர் எல்லாம் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுவார்கள். அதனால் இது என் சொந்த நேர்மை மட்டும் அல்ல, முடியாதவர்களுக்கு முடிந்தவர்கள் செலுத்த வேண்டிய ஒரு கடன்.

அந்தக் கடனின் பெரிய பங்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது மேசையின் இந்தப் பக்கம், கேள்விக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் இருப்பீர்கள். சில வருடத்தில் அந்தப் பக்கம் போவீர்கள். உங்கள் முன்னால் ஒரு ரெஸ்யூம் வரும், நடுவில் மூன்று வருடம் காணாமல் போயிருக்கும். பிள்ளை பெற்றிருக்கலாம், மாமியாரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நோயில் படுத்திருக்கலாம், எதுவுமே இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த இடத்தில் விரலை வைத்து ‘இந்த டைம்ல என்ன பண்ணீங்க?’ என்று கேட்கும் பழக்கம் யாரோ நமக்குக் கற்றுக் கொடுத்தது. வேலை தெரியுமா என்று சோதிக்க நூறு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்கலாம். இந்த ஒன்றை விட்டுவிட்டால் வேலையின் தரம் குறையாது. எங்கோ ஒரு தெருவில் ஒரு அம்மா, யாருக்கும் காரணம் சொல்லாமல் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள்.